மூணு ஸ்பீடு என்றால் எந்த மூணு? பழைய ஹப் கியருக்கு லீவர் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், வயது 67. ஊருக்கே அவர் "சார்"; இங்கும் அப்படியே இருக்கட்டும். அவரிடம் படித்தவன் நான், இப்போது ஒரு பாலிடெக்னிக் பட்டறையில் வேலை. மூன்றாமவர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், முப்பது வருட அனுபவக்காரர். வாடகை சைக்கிள் ஓடிய காலத்திலிருந்து அந்தக் கடை இருக்கிறது.

சாரின் அப்பா வாங்கிய இங்கிலாந்து சைக்கிள் ஒன்று வீட்டு ரேழியில் பல வருடம் சாத்திக் கிடந்தது. முழங்கால் வலிக்கு டாக்டர், "சைக்கிள் மிதிக்கலாம், ஆனால் அழுத்தி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட, சார் அதை வெளியே எடுத்தார். டயர், ட்யூப், பிரேக் கட்டை மாற்றி, பால்ரஸ் போட்டு ஓவராயில் செய்தார்கள். வண்டி ஓடியது. ஆனால் கனம். இரண்டு கடைகளில் எண்ணெய் விட்டுப் பார்த்தும் கனம் குறையவில்லை. "பழைய இரும்பு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு சாதா ஹப் (சக்கரத்தின் நடு உருளை) போட்டுத் தருவதாக ஒருவர் சொன்னார். அப்பாவின் சைக்கிளில் கை வைக்க சாருக்கு மனமில்லை.

தட்டையான டெல்டாவில் கியர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஏற்றம். சார் தினமும் திருவையாறு போய்வர இரண்டு பாலம். அதற்கும் மேலே காற்று இருக்கிறது. அவருடைய வாழைத்தோட்டம் வீட்டுக்கு மேற்கே, ஆற்றங்கரை வழியே போக வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமம்.

முதல் நாள் கண்டது

வைகாசிக் கடைசியில் சார் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பின்சக்கரத்தின் வலதுபக்க நட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து நான்கைந்து கண்ணிகள் கொண்ட சின்னச் சங்கிலி ஒன்று, துருப்பிடித்து, எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ அலங்காரச் சாமான் அறுந்து தொங்குவதாக நினைத்திருக்கிறார்கள். அலங்காரம் ஒன்றுமில்லை, கியர் மாறுவதே அந்தச் சங்கிலியால்தான்.

ஹப்பின் மேல் இருந்த அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. என்ற இரண்டு எழுத்தும், பக்கத்தில் 56, 8 என்ற எண்களும் தெரிந்தன. 1956 ஆகஸ்ட், நாட்டிங்காம் தயாரிப்பு. ஏ.டபிள்யூ. என்பது 1930களின் பிற்பகுதியில் வந்து, உள்ளே சிறு மாற்றங்களோடு இன்றும் ஓடும் மூன்று கியர் ஹப்; கியர் முழுக்க ஹப்புக்குள்ளேயே இருக்கும்.

கடைக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் குறடால் சங்கிலியை மெல்ல இழுக்க, சார் கையால் பெடலைச் சுற்றினார். உள்ளே 'டக்' என்றது. சக்கரத்தின் வேகம் குறைந்தது. இன்னும் இழுத்தால் இன்னொரு 'டக்', இன்னும் குறைந்தது. விட்டால் பழையபடி வேகமெடுத்தது. அறுபத்தெட்டு வருடம் ஆன ஹப், மூன்று கியரும் உயிரோடு!

"அப்ப இத்தன நாளா நான் எந்த கியர்ல மிதிச்சேன்?" என்றார் சார்.

"டாப்ல சார்" என்றார் கடைக்காரர்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஏ.டபிள்யூ. ஹப்பில் சங்கிலியை யாரும் இழுக்காவிட்டால் அது தானாகவே மூன்றாவது கியரில், அதாவது மிகக் கனமான கியரில், போய் உட்கார்ந்துகொள்ளும். ஹப்புக்குள் அச்சோடு அசையாமல் நிற்கும் பல்சக்கரத்துக்கு 20 பல். அதைச் சுற்றி வரும் குட்டிச் சக்கரங்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 20 பல். எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் வளையத்துக்கு உட்புறமாக 60 பல். செயின் குட்டிச் சக்கரங்களின் கூட்டைச் சுழற்றி, வளையம் ஹப்பைச் சுழற்றினால் மூன்றுக்கு நான்கு என்று வேகம் ஏறும். செயின் வளையத்தைச் சுழற்றி, கூடு ஹப்பைச் சுழற்றினால் நான்குக்கு மூன்று என்று இறங்கும். நடு கியரில் செயின் சுற்றுவது அப்படியே சக்கரத்துக்குப் போகும். எது எதைச் சுழற்ற வேண்டும் என்று மாற்றிவிடும் உள்துண்டை நகர்த்துவது அந்தச் சின்னச் சங்கிலி.

பல்லை எண்ணினோம். முன்னால் 46, பின்னால் 18, சக்கரம் 28 அங்குலம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் நடு கியரில் வண்டி சுமார் 5.7 மீட்டர் நகரும். முதல் கியரில் 4.3. மூன்றாவதில் 7.6. முழங்கால் வலியுள்ள மனிதர் ஒரு மாதமாக 7.6 மீட்டரில் பாலம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். இரும்பின் வயதைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் முடிவு: லீவர் வாங்குவது

அந்தச் சங்கிலியை வயரால் இழுத்துக் கியர் மாற்ற, கைப்பிடியில் ஒரு லீவர் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பழைய லீவர் எப்போது போனது என்று சாருக்கே நினைவில்லை. சென்னையில் இருக்கும் அவருடைய மகன், "மூணு ஸ்பீடு ஹப் லீவர்தானே, நான் ஆர்டர் போடறேன்பா" என்றார். ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. கைப்பிடியில் முறுக்கும் வகை, 1, 2, 3 என்று தெளிவாக எழுதியிருந்தது. ஷிமானோ நெக்ஸஸ் மூன்று கியர் ஹப்புக்கான லீவர். தரத்தில் ஒரு குறையும் இல்லை, அது வேறு ஹப்புக்கானது, அவ்வளவுதான்.

அதன் வயர் முனையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அந்த வகை ஹப்பில் அச்சின் நடுவே ஓர் ஊசி நிற்கும், வயர் அசைந்தால் அந்தப் பெட்டி ஊசியைத் தள்ளும். எங்கள் ஹப்பிலோ தள்ள ஊசி கிடையாது, இழுக்கச் சங்கிலிதான். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வயரை மட்டும் சங்கிலியில் முடிந்து பார்க்கலாமா என்று நான் கேட்டேன். கடைக்காரர் சம்மதிக்கவில்லை. "ஒரு கிளிக்குக்கு எவ்வளவு இழுக்குதுன்னு தெரியாம எப்படி முடியறது?" அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அடுத்த வாரமே நாங்கள் இருவரும் அதை மறந்தோம். பெட்டி திரும்பிப் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதே தவறை வேறு ஹப்பிலும் செய்ய வாய்ப்பு உண்டு. சிங்கப்பூர், வளைகுடா என்று போய்வரும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பெட்டியோடு சைக்கிளும் கொண்டுவருகின்றன. அவற்றில் பல ஹப் கியர் வண்டிகள்.

லீவர் ஹப்புக்குப் பொருந்த மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். ஒரு கிளிக்குக்கு வயர் நகரும் அளவு முதலாவது. இழுத்தால் கியர் ஏறுமா இறங்குமா என்கிற திசை இரண்டாவது. வயரின் கடைசி முனை ஹப்பில் எப்படி மாட்டுகிறது என்பது மூன்றாவது. கியர் எண்ணிக்கை ஒத்துப்போவது இந்த மூன்றையும் உறுதி செய்யாது. ஷிமானோவின் ஏழு, எட்டு கியர் ஹப்புகளில் வயர் ஊசியைத் தள்ளுவதில்லை, அச்சைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தைத் திருப்புகிறது. நெக்ஸஸ் எட்டு கியர் லீவர் அதே நிறுவனத்தின் அல்ஃபைன் எட்டு கியர் ஹப்புக்கும் பொருந்தும். ஆனால் ஏழு கியர் லீவரை எட்டு கியர் ஹப்பில் மாட்ட முடியாது. அல்ஃபைன் பதினொன்று தனி ரகம். ஜெர்மனியின் ரோலாஃப் பதினான்கு கியர் ஹப்பில் கிளிக் ஹப்புக்குள்ளேயே இருக்கிறது, லீவர் இரண்டு வயரை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். சாக்ஸ் ஹப்புகள் 1997இல் ஸ்ராம் கைக்குப் போயின, அந்த நிறுவனம் 2017இல் ஹப் கியரையே நிறுத்திவிட்டது. அந்த வகை ஹப் இருந்தால் லீவரைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டர்மி-ஆர்ச்சர் கதை வேறு. நாட்டிங்காம் ஆலை 2000இல் மூடப்பட்டாலும், தைவானின் சன்ரேஸ் அதை வாங்கி, அதே பெயரில் ஹப்பும் லீவரும் இன்றுவரை செய்கிறது. 1956 ஹப்புக்கு இன்று புது லீவர் கிடைக்கிறது என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது முடிவு: இருப்பதை வைத்துச் சமாளிப்பது

ஆனி பிறந்துவிட்டது. சார் பொறுமை இழந்திருந்தார். கடையில் சிறுவர் கியர் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றிய இடதுபக்க லீவர் கிடந்தது. முன்பக்க மூன்று பல்சக்கரங்களுக்கு இடையே செயினை மாற்றுவது. அதிலும் 1, 2, 3. வயரும் இழுக்கும் வயர். திசை மட்டும் தலைகீழ்: லீவரில் 1 என்றால் வயர் தொய்வு, எங்கள் ஹப்பில் அது டாப். "எண்ணைத் திருப்பிப் படிச்சுக்கிறேன், நான் வாத்தியார்தானே" என்றார் சார்.

மாட்டினோம். கடைசிக் கிளிக் விழவில்லை. சங்கிலி முழுக்க வெளியே வந்து இறுகிவிட்டது, லீவருக்கோ இன்னும் இழுக்க வேண்டியிருந்தது. அந்த லீவரின் ஒரு கிளிக், ஹப்புக்குத் தேவையானதைவிட நீளம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் செய்தது என்னவென்றால், கடைசிக் கிளிக் விழும்வரை வயரைச் சற்றுத் தளர்த்தினோம். ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றிப் பார்த்தபோது மூன்று கியரும் மாறின. சாருக்கு ஒரே சந்தோஷம்.

நிகழ்ந்தது

ஆடி முதல் வாரத்தில், குடமுருட்டிப் பாலத்து ஏற்றத்தில், நடு கியரில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் சட்டென்று காற்றில் சுற்றியது. பிடிமானமே இல்லை. வலது கால் நழுவி, கணுக்காலுக்கு மேலே பெடல் கீறி நன்றாகவே காயம். முழங்கால் பாரில் இடித்தது. பின்னால் வந்த டவுன் பஸ் தூரத்தில் இருந்தது தெய்வாதீனம். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, பத்து நாள் ஓய்வு.

காரணம் தேடியபோது எங்கள் வேலையே எங்களைக் காட்டிக்கொடுத்தது. இந்தப் பழைய ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. உள்துண்டு அங்கே நின்றால் எதையும் பிடிக்காது, பெடல் சும்மா சுற்றும். வயர் தொய்ந்தால் உள்துண்டு நகர்வது மூன்றாவதை நோக்கித்தான், அதாவது வெற்றிடத்தை நோக்கி. கடைசிக் கிளிக் விழுவதற்காக நாங்கள் வயரைத் தளர்த்தியதால், நடு கியர் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தது. புது வயர் உறை நாலு நாள் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் அமுங்கித் தொய்ந்தது. ஸ்டாண்டில் பாரம் இல்லாததால் இது எதுவும் தெரியவில்லை. பாரம் ஏறிய இடத்தில் தெரிந்தது.

சாரின் வீட்டம்மா அன்று கடைக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றார் கடைக்காரர் பிறகு.

மூன்றாவது முடிவு: அளந்துவிட்டுச் செய்வது

சாருக்குக் கால் ஆறும்வரை எங்களுக்கு நேரம் இருந்தது. ஒரு காகிதப் பட்டையைச் செயின் கம்பியில் (செயினை ஒட்டிப் பின்சக்கரம் வரை போகும் சட்டக் கம்பி) ஒட்டினோம். சங்கிலியை விட்ட நிலை, நடு கியர் சரியாக விழும் நிலை, முழுக்க இழுத்த நிலை என்று மூன்று கோடு பேனாவால் போட்டோம். அதே பட்டையை லீவரின் வயரோடு வைத்து, ஒவ்வொரு கிளிக்குக்கும் வயர் எங்கே வருகிறது என்று பார்த்தோம். கோடுகள் ஒத்துப்போகவே இல்லை. மூன்று நிமிட வேலை. ஆனியிலேயே செய்திருந்தால் ஆடியில் ரத்தம் வந்திருக்காது.

கிளிக் இல்லாத பழைய லீவர் ஒன்று தேடி எடுத்தோம். உராய்வில் நிற்கும் வகை, எங்கே நிறுத்தினாலும் அங்கே நிற்கும். இழுக்கும் சங்கிலி வகை ஹப்புக்கு இது பொருந்தும், அளவை லீவர் தீர்மானிப்பதில்லை, ஓட்டுபவரின் விரல் தீர்மானிக்கிறது. அதில் ஆபத்தும் உண்டு, விரல் தவறி வெற்றிடத்தில் நிறுத்திவிடலாம். ஆகவே மூன்று இடத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு. லீவரின் திருகை இறுக்கி, அதிர்வில் நகராதபடி செய்தோம். சாருக்கு மூன்று நிபந்தனை: கியர் மாற்றும்போது மிதிப்பதை நிறுத்த வேண்டும், மாற்றியதும் முதல் கால் சுற்று மெல்ல மிதித்துப் பார்க்க வேண்டும். எழுந்து நின்று மிதிப்பது அறவே கூடாது. இது தற்காலிகம் என்று மூவருமே ஒப்புக்கொண்டுதான் செய்தோம்.

இதற்கிடையில் சிங்கப்பூரில் இருக்கும் சாரின் தங்கை மகனிடம் ஹப்பின் எழுத்து, எண், படம் எல்லாவற்றையும் அனுப்பினோம். அங்கே மடக்கு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளில் ஸ்டர்மி-ஆர்ச்சர் சாமான் புழங்குகிறது. புரட்டாசியில் ஊர் வந்தவர் மூன்று கியர் ட்ரிகர் லீவரும் (விரலால் தட்டி மாற்றுவது), புதுச் சங்கிலியும், 22 பல் கொண்ட பின் பல்சக்கரமும் கொண்டுவந்தார். பல்சக்கரம் கடைக்காரரின் யோசனை. இந்த ஹப்பில் பல்சக்கரம் மூன்று காதோடு உட்கார்ந்து ஒரு வளையக் கம்பியால் நிற்கிறது. ஷிமானோவின் மூன்று காது சக்கரமும் இதில் ஏறும் என்பதால் கிடைப்பது கடினமில்லை.

பொருத்திய விதம்

சங்கிலியை உள்ளே முழுக்க முறுக்கிவிட்டு, வயரின் திசைக்கு நேராக வரும்வரை அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் பின்னால் திருப்பினோம். முழுக்க முறுக்காமல் விட்டால் இரண்டு மூன்று மரையில் தொங்கி, ஒருநாள் அறுந்துவிடும். பிறகு லீவரை 2இல் வைத்து, வலது நட்டின் ஓட்டை வழியே பார்த்தோம். சங்கிலியோடு சேர்ந்த தண்டின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது சரியானால் ஒன்றும் மூன்றும் தாமாகச் சரியாகும், பொருத்தமான லீவராக இருந்தால். இருந்தது. 1இல் சங்கிலி இறுகிய அதே நொடியில் கிளிக் விழுந்தது.

22 பல்லுக்குப் பழைய செயின் எட்டவில்லை, புதிது போட்டோம். ஹப்பின் எண்ணெய்த் துளையில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, கறுப்பாக வந்ததை வடித்து, மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆயில் ஒரு தேக்கரண்டி. தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது உள்ளே பிசுபிசுத்துக் கியரை ஒட்டவைக்கும்.

பிறகு

இப்போது நடு கியரில் ஒரு சுற்றுக்கு 4.7 மீட்டர், முதல் கியரில் 3.5. மூன்றாவதே 6.2தான், பழைய நடு கியரைவிடச் சற்றுக் கூட. சார் பாலத்தில் முதல் கியர், ஊருக்குள் இரண்டு. மூன்றாவது கியர், தோட்டத்திலிருந்து மேல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்பும்போது மட்டும். முழங்கால் வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அவரும் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே பாலம் ஏறுகிறார்.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு வயர் ஒருமுறை இறுகியது, உறைக்குள் ஈரம். கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டதும் சரியானது. ஹப்பிலிருந்து ஸ்போக்ஸ் கம்பிகளில் எண்ணெய் கசிகிறது. அந்த வகை ஹப் கசியத்தான் செய்யும். கசிவு நின்றால்தான் எண்ணெய் விட வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

மறுபடி வந்தால்

இதே போல இன்னொரு வண்டி வந்தால், எதையும் வாங்குவதற்கு முன் ஹப்பைத் துடைத்து எழுத்தைப் படிப்போம். பெயர், வகை, எண் மூன்றையும் படம் எடுத்துத்தான் லீவர் தேடுவோம். எத்தனை கியர் என்பதைக் கடைசியாகத்தான் சொல்வோம்.

இரண்டாவது லீவரை மாட்டவே கூடாது. அதை நான் தடுத்திருக்கலாம். அளவுகோலும் காகிதமும் பட்டறையில் என் கையில் தினமும் புழங்குபவை, கடையில் உட்கார்ந்ததும் அவை நினைவுக்கு வரவில்லை. ஸ்டாண்டில் சுற்றிப் பார்ப்பதைச் சோதனை என்று எடுத்துக்கொள்ள மாட்டோம். சமதரையில், உட்கார்ந்தபடி, பாரத்தோடு, கடைக்காரர் தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டி உரியவர் கைக்குப் போகும். கடையில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

பல்சக்கரத்தை முதலில் மாற்றியிருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் கருத்து, எனக்கும் அதில் உடன்பாடு. லீவருக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். அந்த நான்கு மாதமும் சங்கிலியை முழுக்க வெளியே இழுத்து, செயின் கம்பியில் கிளிப் போட்டு இறுகக் கட்டியிருந்தாலே வண்டி முதல் கியரில் நின்றிருக்கும். அந்த நிலையில் வெற்றிடம் பக்கத்தில் இல்லை, கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் நடு கியரில்தான் விழும். லீவரே இல்லாமல் சார் ஆடிக் காற்றில் தோட்டத்துக்குப் போய்வந்திருக்கலாம்.